கவிழ்ந்த மரத்தில் ஏறுவது எப்படி?

(ஜூபிலி ஆண்டுத் திருயாத்திரைக்கு முந்திய ஞாயிறு, திருப்பலிக்குப் பின் பங்கு மண்டபத்தில் வாசிக்கப்பட்ட உரை)



மேடையேறிப் பேசிப் பழக்கமில்லாதவர்கள் நாங்கள். அண்ணன் தம்பி இருவருமாக உட்கார்ந்து எழுதியதை எங்களில் இளையவர் வாசிக்கிறார். பிழையிருப்பின் பொறுத்தருள வேண்டுகிறோம்.

திருத்தணியில் கடல் எங்கே இருக்கிறது, கட்டுமரம் எங்கே இருக்கிறது, இவர்களுக்குப் பேச வேறு பொருள் அகப்படவில்லையா என்று பின்வரிசையில் சிலர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். நம் ஊரில் மலை உண்டு, மலைக்கு 365 படிகள் உண்டு. நந்தியாற்றில் தண்ணீர் ஓடிய நாட்களையோ விரல்விட்டு எண்ணிவிடலாம். மிதப்பது என்று நம் ஊரார் கண்டதெல்லாம் ஆடிக் கிருத்திகையில் சரவணப் பொய்கையில் விடுகின்ற தெப்பம் ஒன்றுதான். ஆனால் நம் பங்கில் வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் பல உண்டல்லவா? ஆந்திரக் கடற்கரையில் உறவினர் இருந்தால் அவர்களைக் கேட்டுப் பாருங்கள். கட்டுமரத்தையே அவர்கள் ‘தெப்ப’ என்றுதான் சொல்வார்கள். ஆகவே நாம் பேசப்போவதும் தெப்பத்தைப் பற்றியதே. பொய்கையில் ஆடாமல் அசையாமல் சுற்றி வரும் தெப்பம் கடலில் கவிழும். கவிழ்ந்த பிறகு என்ன செய்வது என்பதுதான் இன்றைய பேச்சு.

இதற்குக் காரணமாயிருந்த சம்பவத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். சென்ற கோடை விடுமுறையில் நம் பங்குப் பிள்ளைகள் இருவர் சென்னைக்குத் தெற்கே கடற்கரைக்குப் போயிருந்தார்கள். பெயர் சொல்லப் போவதில்லை. இருவரும் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார்கள், தலையைக் குனிந்துகொண்டிருக்கிறார்கள். அங்கே கயாக் என்னும் சிறு ஓடத்தை வாடகைக்கு எடுத்துத் தூண்டில் போடப் போனார்கள். பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை: இந்தக் கயாக் ஒரே வார்ப்பில் செய்த பிளாஸ்டிக் ஓடம். உள்ளுக்குள் கால் நுழைத்து உட்காரும் வகையும் உண்டு. மீன்பிடிக்க எடுப்பது பெரும்பாலும் மேலே உட்காரும் வகை. உட்காருமிடத்தில் துளைகள் இருக்கும். ஏறிய தண்ணீர் அவற்றின் வழியே தானாக வடிந்துவிடும். கட்டுமரத்தில் மரங்களின் இடுக்கு வழியாகத் தண்ணீர் ஏறி வடிவதில்லையா, அதே கணக்கு. தூண்டிற் கம்பு செருக இரண்டு குழல், மீன் வைக்க ஒரு பெட்டி. மற்றபடி நம் முன்னோர் கயிற்றால் கட்டியதை இன்று அச்சில் வார்க்கிறார்கள் என்றுதான் எங்களுக்குப் படுகிறது.

ஒருவன் தூண்டில் வீச எழுந்து நின்றான். ஓடம் புரண்டது. இருவரும் நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள். ஒருவன் ஐம்பதடிக் கிணற்றில் குதித்து அடிமண் எடுத்து வருகிறவன். அவன் செய்த முதல் காரியம், மிதந்து போன துடுப்பைப் பிடிக்க ஓடத்தை விட்டுவிட்டு நீந்தியது. துடுப்பு கிடைத்தது. திரும்பிப் பார்த்தால் ஓடம் காற்றோடு வெகுதூரம் போய்விட்டது. கூட இருந்தவனோ ஓடத்தை விடவில்லை, ஆனால் ஏறத் தெரியவில்லை. விளிம்பைப் பிடித்துத் தொங்கித் தன்னைத் தூக்கப் பார்த்தான். ஓடம் அவன் மேலேயே புரண்டது. மறுபடி நிமிர்த்தினான், மறுபடி புரண்டது. ஐந்தாறு தடவைக்குப் பின் கை ஓய்ந்துவிட்டது. லைஃப் ஜாக்கெட் என்னும் மிதவைச் சட்டையை ஒருவன் போட்டிருந்தான். மற்றவனுடையது எங்கே இருந்தது தெரியுமா? இருக்கைக்கு மெத்தையாக இருந்தது! கரைக்குத் திரும்பிக் கொண்டிருந்த மீனவர் ஒருவர் பார்த்துத் தம் ஃபைபர் படகில் இருவரையும் ஏற்றினார். அவர் வேறு திசையில் வந்திருந்தால் இந்த உரையை நாங்கள் வேறு சந்தர்ப்பத்தில் வாசித்திருப்போம்.

ஊருக்கு வந்ததும் அந்தப் பையன் எங்களிடம் சொன்னது ஒரே வார்த்தை: “நீந்தத் தெரியும் அண்ணே, ஏறத்தான் தெரியலை.”

இந்த வார்த்தை எங்களைத் தூங்கவிடவில்லை. ஏனெனில் ஏறுவது எப்படி என்று எங்களுக்குத் தெரியும். ரயில்வே வேலைக்கு வந்து இவ்வூரில் குடியேறிய நாளிலிருந்து அதை ஒருவருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. மலையடிவாரத்தில் யாருக்குப் பயன்படப் போகிறது என்று இருந்துவிட்டோம்.

எங்கள் தகப்பனார் கட்டுமரத்தில் தொழில் செய்தவர். கட்டுமரத்தை எங்கள் குப்பத்தில் யாரும் கட்டுமரம் என்று சொல்வதில்லை, வெறும் ‘மரம்’தான். தொழில் முடிந்து கரை வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகப் பிரித்து மணலில் காயப் போடுவார்கள். ஊறிய மரம் கனக்கும், சரியாக மிதக்காது. விடியுமுன் மறுபடி கட்டுவார்கள். (ஆங்கிலத்தில் கேட்டமரான் என்ற சொல் நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான். இப்போது அவர்கள் அப்படிச் சொல்வது இரட்டை உடல் கொண்ட வேறு ஒரு கப்பலை. சொல்லை எடுத்துக்கொண்டு பொருளை விட்டுவிட்டார்கள்.) 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் நிவாரணமாக ஃபைபர் படகுகள் ஏராளமாக வந்தன, மரம் கட்டத் தெரிந்த கைகள் குறைந்துபோயின.

எங்களுக்கு ஏழெட்டு வயதாகும்போது தகப்பனார் ஒரு காரியம் செய்வார். கடல் அமைதியாயிருக்கும் நாளில் அலை உடையும் இடத்துக்கு அப்பால் எங்களைக் கூட்டிப் போவார். பேசிக்கொண்டே இருப்பார், திடீரென்று ஒரு பக்கமாகச் சாய்ந்து மரத்தைக் கவிழ்த்துவிடுவார். நாங்கள் உப்புத் தண்ணீரைக் குடித்து அழுவோம். அவர் பக்கத்திலேயே மிதந்துகொண்டு, “மரத்தைப் புடி, மரத்தைப் புடி” என்பார். பிடித்த பிறகுதான் அடுத்த பாடம். கரையில் நின்ற அம்மா அவரைத் திட்டாத நாளில்லை.

இப்போது அந்தப் பாடத்தை, கயாக்குக்கும் பொருந்துமாறு சொல்கிறோம். இளைஞர்கள் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும்.

கவிழ்ந்ததும் மேலே வரும்போது ஒரு கையைத் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டு வாருங்கள். மரம் உங்கள் தலைக்கு மேலேயே இருக்கலாம். வெளியே வந்ததும் முதல் வேலை மரத்தைப் பிடிப்பது. துடுப்பும் தூண்டிலும் மீன் பெட்டியும் போனால் போகட்டும், கைப்பேசி போனாலும் போகட்டும். துடுப்பைக் கயிற்றால் ஓடத்தோடு கட்டி வைத்திருந்தால் இந்தக் கவலையே இல்லை. ஆனால் எந்தக் கயிற்றையும் உங்கள் உடம்போடு கட்டாதீர்கள். அடுத்து, கால்களைப் பாருங்கள். தூண்டில் நரம்போ நங்கூரக் கயிறோ சுற்றியிருக்கிறதா? மீன்பிடிக்கும் ஓடத்தில் இதுதான் பெரிய அபாயம். முள் எங்கே கிடக்கிறது என்று தெரியாது. அதனால்தான் மீனவர் கத்தியைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருப்பார்கள். பிறகு உடன் வந்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

அலை எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் நீங்கள் இருக்க வேண்டும். மரம் உங்களுக்குக் கரைப் பக்கமாக இருக்கட்டும். மாறி நின்றால் அலை மரத்தைத் தூக்கி உங்கள் நெஞ்சில் அறையும். கரையோரத்தில் அலை உடையும் இடத்தில் பல் போனவரும் விலா முறிந்தவரும் இப்படி நின்றவர்களே. அவ்விடத்தில் ஏறவே முயலாதீர்கள். ஓடத்தை முன்னே விட்டுப் பின்னால் நீந்தி வந்துவிடுங்கள்.

நிமிர்த்துவது கடினமில்லை. ஓடத்தின் நடுப்பகுதிக்கு வந்து, கவிழ்ந்து கிடக்கும் அடிப்பாகத்தின் மேல் படுத்தாற்போல் கையை நீட்டி, அப்புற விளிம்பையோ அதில் கட்டிய கயிற்றையோ பிடிக்க வேண்டும். முழங்காலை இப்புற விளிம்பில் ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்தால் உங்கள் எடையே அதைப் புரட்டிவிடும். முகத்தை மட்டும் காத்துக்கொள்ளுங்கள். கட்டுமரமானால் கனம் அதிகம், இருவர் வேண்டும். பாய் விரித்திருந்தால் அதை முதலில் அவிழ்த்துவிட வேண்டும். நீருக்குள் விரிந்த பாய் நங்கூரம் மாதிரி இழுக்கும்.

இனி ஏறுவது. இங்கேதான் நம் பையன் தவறினான், இங்கேதான் கிணற்று நீச்சல்காரர் எல்லாரும் தவறுவார்கள். கிணற்றில் எப்படி ஏறுகிறோம்? படிக்கல்லைப் பிடித்துத் தொங்கி, கையால் உடம்பைத் தூக்குகிறோம். கல் அசையாது, அதனால் முடிகிறது. மிதக்கும் பொருளைப் பிடித்துத் தொங்கினால் கால்கள் அதற்கு அடியில் போய்விடும். நீங்கள் மேலே வருவதற்குப் பதில் அது உங்கள் மேல் வரும். ஆகவே தூக்காதீர்கள், படுங்கள். ஓடத்தின் நடுவில் இரு கைகளையும் வைத்து, கால்களைப் பின்னால் நீட்டி, தவளை மாதிரியோ கத்திரி மாதிரியோ உதைத்து, உடம்பு முழுவதும் தண்ணீர் மட்டத்துக்கு வரட்டும். வந்தபின் ஒரு பலத்த உதை. அதே நொடியில் ஓடத்தைக் கையால் உங்களுக்கு அடியில் இழுத்துக்கொண்டு, வழுக்கி ஏறுவதுபோல் வயிற்றை அதன் குறுக்கே போடுங்கள். எங்கள் தகப்பனார், “மீனு மாதிரி ஏறு, குரங்கு மாதிரி ஏறாதே” என்பார்.

வயிறு குறுக்கே வந்ததும் அவசரப்படாதீர்கள். தலை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் தொங்க, இரண்டு மூச்சு அப்படியே கிடங்கள். பிறகு உருண்டு இருக்கையில் பிட்டத்தை வையுங்கள். அது உட்கார்ந்த பிறகே கால்கள். பாதிப் பேர் வயிறு வந்த சந்தோஷத்தில் உடனே முழங்காலை மடக்கி எழப் பார்ப்பார்கள். தொபுக்கென்று அடுத்த பக்கம் போய் விழுவார்கள்.

இருவர் இருந்தால் ஒருவர் எதிர்ப்பக்கம் நீரிலேயே இருந்து விளிம்பை அழுத்திப் பிடிக்க, மற்றவர் ஏற வேண்டும். ஏறியவர் பிறகு எதிர்ப்பக்கம் சாய்ந்து கொடுத்தால் இரண்டாமவர் ஏறிவிடலாம். கையில் வலுவில்லாதவருக்கு ஒரு வழி உண்டு. கயிற்றில் இறுகாத முடிச்சாகப் பெரிய வளையம் போட்டு, ஓடத்தின் அப்புற விளிம்பில் கட்டி, நடுவின் மேலாக இப்புறம் நீருக்குள் தொங்கவிட்டால் குதிரைச் சேணத்து மிதியைப் போல் காலுக்குப் படி கிடைக்கும். சுருக்கு முடிச்சு ஆகவே ஆகாது.

இரண்டு மூன்று தடவை முயன்று முடியவில்லையா? நிறுத்திவிடுங்கள். நெஞ்சைப் பாதி ஏற்றி அதன்மேல் கவிழ்ந்து படுத்து இளைப்பாறுங்கள். துடுப்பை நிமிர்த்திப் பிடித்து ஆட்டுங்கள். கரை கிட்டத்தில் இருப்பதுபோல் தெரியும். அது கடல் காட்டும் ஏமாற்று. தேடி வருகிறவர் கண்ணுக்கு மஞ்சளோ சிவப்போ பூசிய ஓடம் தெரியும்; அலைக்கு நடுவே ஒரு மனிதத் தலை தேங்காய் அளவுகூடத் தெரியாது.

சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பல்கள் தூரத்தில் நிற்கும். மசூலா படகுகள் அலைகளைக் கடந்து ஆட்களை ஏற்றி இறக்கும். அப்படகுகளுக்குப் பக்கத்தில் கட்டுமரங்கள் துணைக்குப் போகும். அந்தக் கட்டுமரக்காரர்கள் அலையில் எத்தனை தரம் தூக்கி எறியப்பட்டாலும் மறுபடி மரத்தில் ஏறிவிடுவதைக் கண்டு வெள்ளைக்காரப் பிரயாணிகள் வியந்து எழுதியிருக்கிறார்கள். உயிர் காத்தவர்களுக்கு அரசு பதக்கமும் கொடுத்ததாம். அவர்களுக்கு மிதவைச் சட்டை இல்லை. மரத்தை விடாத பழக்கம் ஒன்றுதான் இருந்தது.

வேதத்திலும் இதற்கு ஒரு சாட்சி உண்டு. புனித சின்னப்பர் ஏறிய கப்பல் மால்டா தீவருகே தரைதட்டி உடைந்த வரலாற்றைத் திருத்தூதர் பணிகள் 27ஆம் அதிகாரத்தில் வாசியுங்கள். கப்பலில் இருந்தவர் 276 பேர். நீந்தத் தெரிந்தவர்கள் முதலில் குதித்துக் கரை சேர்ந்தார்கள். தெரியாதவர்கள் பலகைகளையும் கப்பலின் உடைந்த துண்டுகளையும் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஒருவரும் சாகவில்லை. பிரசங்கத்தில் பலமுறை கேட்ட பகுதிதான். ஆனால் மரத்தொழில் செய்கிறவர் வீட்டில் அதைக் கேட்டால், பலகை என்ற சொல்தான் காதில் நிற்கும்.

இப்போது திருயாத்திரைக்கு வருவோம். ஜூபிலி ஆண்டில் பழவேற்காடு மகிமை மாதா திருத்தலத்துக்குப் போவதென்று குழுவினர் முடிவு செய்திருக்கிறார்கள். மிக்க மகிழ்ச்சி. அது நம் மாவட்டமேதான். நாம் மேற்குக் கோடி, அவர்கள் கிழக்குக் கோடி. ஆனால் 2011ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் தேதியை இங்கே நினைவுபடுத்தாமலிருக்க எங்கள் மனம் ஒப்பவில்லை. கிறிஸ்து பிறப்பு விழா நாளன்று அந்த ஏரியில் உல்லாசமாகப் போன படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் இருந்தார்கள். அதற்குப் பிறகு சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை விதித்தார்கள். பழவேற்காடு ஏரி பல இடங்களில் இடுப்பளவு ஆழம்கூட இல்லாதது. அதுதான் ஏமாற்றும். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் ஆழமும் இழுப்பும் வேறு. கால் வைத்தால் சேறு.

நெரிசலும் காரணமாகிவிடுகிறது. 2009 செப்டம்பர் 30இல் தேக்கடியில் ஜலகன்யகா என்ற படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் விலங்குகளைப் பார்க்க மேல்தட்டில் இருந்தவர்கள் ஒரே பக்கம் ஓடியபோது அது சாய்ந்ததாகச் சொன்னார்கள். நம் கூட்டத்தில் யாராவது “அதோ பார்” என்றால் எத்தனை பேர் உட்கார்ந்த இடத்தில் இருப்போம்? பேருந்தில் பாலத்தைக் கடக்கும்போதே எல்லாரும் ஒரு பக்க ஜன்னலுக்குப் போகிறவர்களாயிற்றே நாம்!

ஆகவே குழுவினர் எங்கள் வேண்டுகோளை ஏற்று, யாத்திரையில் படகுச் சவாரி கிடையாது என்று தீர்மானித்திருக்கிறார்கள். கரையில் யார் வந்து, தலைக்கு இவ்வளவு என்று கூப்பிட்டாலும் போகக்கூடாது. இளைஞர்களுக்கு இதில் வருத்தம் என்பது தெரியும்.

“போவதே இல்லை என்றபின் ஏறுவதற்கு எதற்குப் பாடம்?” என்று ஒரு சகோதரி நேற்று எங்களைக் கேட்டார். யாத்திரையில் போகாவிட்டால் என்ன, பிள்ளைகள் நண்பர்களோடு போகத்தான் போகிறார்கள். கோடைக்குக் கோவளம், முட்டுக்காடு, கல்லூரிச் சுற்றுலாவுக்கு ஒகேனக்கல். நம்மிடம் சொல்லிவிட்டா போகிறார்கள்? 2021 நவம்பரில் கொசஸ்தலையில் வெள்ளம் வந்தபோது பார்த்தோமே, தண்ணீர் நம் பக்கமும் வருகிறது. (ஓடும் வெள்ளத்துக்கு இப்பாடம் பொருந்தாது. அதில் இறங்காமலிருப்பதே பாடம்.)

மிதவைச் சட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. வார்களை இறுக்கிக் கட்டாவிட்டால் நீரில் விழுந்ததும் சட்டை காதுவரை ஏறிவிடும். கைகள் வேலை செய்யா. இறுகக் கட்டினாலும் ஏறும்போது அதன் முன்பக்கம் ஓட விளிம்பில் இடிக்கும். அதனால் உதை இன்னும் பலமாக இருக்க வேண்டும். சட்டை போட்டுத்தான் ஏறிப் பழக வேண்டும் என்பதற்குக் காரணம் இதுவே. புடவையும் லுங்கியும் நனைந்தால் காலைக் கட்டிவிடும். படகில் போகத்தான் வேண்டுமென்றால் சுடிதாரோ கால்சட்டையோ போட்டுக்கொள்ள நம் பெண்கள் தயங்கக்கூடாது. பெரியவர்களும் முகம் சுளிக்கக்கூடாது.

கடலில் ஆபத்தென்றால் கடலோரக் காவல்படையின் 1554, தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 ஆகிய எண்களைக் கூப்பிடலாம். மூழ்கியவரைக் கரையில் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் வேண்டாம். மூச்சில்லையென்றால் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, நெஞ்சை அழுத்த வேண்டும். இதை நம் செவிலியர் சகோதரி அடுத்த ஞாயிறு செய்து காட்டுவார்.

கடைசியாக ஓர் அறிவிப்பு. வருகிற சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, நம் பங்கு விவசாயி ஒருவர் மனமுவந்து கொடுத்திருக்கும் கிணற்றில் பழக்கம் நடக்கும். கயாக் இல்லை. குலை வெட்டிய வாழைமரங்கள் நான்கை மூங்கில் குச்சி கோத்துத் தெப்பமாகக் கட்டி வைத்திருக்கிறோம். வழுக்குவதிலும் புரளுவதிலும் கயாக்கைவிட மோசமாக இருக்கும், பழகுவதற்கு அதுவே நல்லது. நீந்தத் தெரியாதவரும் வரலாம், இடுப்பில் கயிறு கட்டி மேலே ஆள் பிடித்திருப்போம். கிணற்றில் பழகும்போது மட்டும்தான் அந்தக் கயிறு. மிதவைச் சட்டைகள் நான்கு இரவல் வாங்கியிருக்கிறோம், முறை வைத்துப் போடலாம். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் தாய் தகப்பனில் ஒருவரை உடன் அழைத்து வர வேண்டும். கோடையில் கவிழ்ந்த இருவரும் கட்டாயம் வர வேண்டும். அவர்கள்தான் முதலில் ஏறிக் காட்டப் போகிறார்கள். மாற்று உடையும் துண்டும் கொண்டு வரவும். கஞ்சிக்குச் சங்கத்துத் தாய்மார்கள் பொறுப்பு. எத்தனை பேர் என்று இன்றே பெயர் கொடுத்தால் அவர்களுக்கு அரிசி போட வசதியாக இருக்கும்.